சம்மதம் கேளாத புதுப்பிப்பு

கணினியின் இயங்குதளம் காலந்தோறும் திருத்தப்பட்டே ஆகவேண்டிய ஒரு பொருள் என்பதையும், அத்திருத்தங்களை ஒதுக்கிவிட்டுப் பழைய நிலையிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணுவது அபாயகரமானது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு இந்தப் பதிவைத் தொடங்குகிறேன். என் முறைப்பாடு புதுமையின் மீதன்று. ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தம்முடைய மேசையின்மேல் வைத்திருக்கும் யந்திரத்தில், அவர் நித்திரையில் இருக்கும் வேளையில், அவருடைய சம்மதத்தைக் கேளாமலும், மறுநாள் அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதை அறியாமலும், ஒரு பெரும் மாற்றத்தை இறக்கிவிட்டுப் போகிற அந்த வழக்கத்தின் மீதே என் முறைப்பாடு.

நான் மாத்தளை நகரிலே தமிழ் எழுத்து வேலை செய்து சீவனம் நடத்துகிறவன். எங்கள் ஊரார் ‘கொமியூனிகேஷன்’ என்று சொல்லுகிற வகையைச் சேர்ந்த சிறிய கடை என்னுடையது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக் கொப்பி யந்திரம், வந்தவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. மாசிமகம் நெருங்கினால் முத்துமாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவையொட்டி உபயகாரர்கள் அச்சிடும் துண்டுப் பிரசுரங்கள் வரும். தவணைப் பரீட்சை நெருங்கினால் ஆசிரியர்கள் கையெழுத்தில் வைத்திருக்கும் வினாத்தாள்கள் வரும். கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் காலம் பார்க்காமல் வரும். இவை யாவற்றிலும் அதிகமாக, உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற மக்கள், ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமான கடிதங்களையும், பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தக் கோரும் மனுக்களையும், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவேண்டிய விண்ணப்பங்களையும் அடித்துக் கொடுக்கும்படி கேட்டு வருவார்கள். இந்த யந்திரம் ஒரு நாள் நின்றுபோனால் நஷ்டம் எனக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

சில காலத்துக்கு முன், ஒரு காலைப்பொழுதில் கடையைத் திறந்து கணினியை முடுக்கியபோது, இயங்குதளத்தின் பெரும் புதுப்பிப்பு ஒன்று இரவோடிரவாக இறங்கித் தன்னைத் தானே நிறுவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். திரையின் தோற்றம் மாறியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிரிண்டர் இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. விசைப்பலகை நான் பழகிய அமைப்பிலிருந்து வேறொன்றுக்கு மாறியிருந்தது. பல வருஷங்களாகச் சேர்த்துவைத்த பாமினி எழுத்துருக் கோப்புகளைத் திறந்தால், தமிழ் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அர்த்தமின்றி வரிசையாக நின்றன. நேற்று மாலை வரை ஒரு குறையுமின்றி வேலை செய்த பொருட்கள் இவை என்பதுதான் மனத்தை வெதும்பச் செய்தது.

அந்த வேளையில் எல்கடுவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் வாசலில் நின்றார். “தம்பி, பத்தரை பஸ்ஸுக்கு நான் திரும்பணும். பிள்ளைய பக்கத்து லயத்துல விட்டுட்டு வந்திருக்கேன். கையால எழுதினா வாங்க மாட்டாங்களாம், டைப் பண்ணித்தான் குடுக்கணுமாம்” என்றார். “கொஞ்சம் பொறுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவிலுள்ள நண்பருடைய கடைக்குச் சென்று, அங்கே இருந்த கணினியில் கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். கடிதம் கிடைத்தது, பத்தரை பஸ் கிடைக்கவில்லை. அன்றைய ‘பேர்’, அதாவது நாட்கூலி, போனாலும் பரவாயில்லை, இந்தக் காரியம் முடியட்டும் என்று மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தொழிலாளியினுடைய அவகாசத்தை, எங்கோ தூரதேசத்தில் ஒரு காலஅட்டவணையை வகுத்த எவரும் கணக்கில் எடுத்திருக்க முடியாது. கணக்கில் எடுக்க முடியாத ஒன்றைத் தாம் எடுத்துச் செலவிடலாமா என்பதே என் கேள்வி.

எழுத்து ஏன் அப்படிச் சிதைந்தது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், தமிழுக்கென்று கணினியில் தனி இடம் பரவலாகாத காலத்தில் உருவானவை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இலக்கங்களின்மேல் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஏற்றிவைத்ததே அவற்றின் உத்தி. ஆகவே கோப்பினுள்ளே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தோன்றும், எழுத்துரு அகன்ற கணத்தில் அதன் வேஷம் கலைந்துவிடும். யூனிகோட் முறையோ தமிழ் எழுத்துகளுக்குச் சொந்தமான இலக்கங்களை வகுத்துக் கொடுத்தது. 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு அங்கே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் லதா எழுத்துருவோடு அது நம் மேசைக்கு வந்தது. அப்படியிருந்தும் இலங்கையின் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் சிறு கடைகளிலும் பாமினியில் எழுதிய கோப்புகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. கைப்பழக்கமும், பழைய ஆவணங்களும், அச்சகத்தார் கேட்கிற வடிவமும் சேர்ந்து நம்மை அதனோடு பிணைத்திருக்கின்றன.

யூனிகோட்டுக்கு முழுமையாக மாறிவிட்டவர்களுக்கும் நிம்மதி பூரணமாகக் கிடைத்துவிடவில்லை. விண்டோஸ் 10 வந்தபோது, வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, பல மொழிகளுக்குரிய பழைய எழுத்துருக்கள் இயல்பான நிறுவலிலிருந்து எடுக்கப்பட்டு, வேண்டுவோர் தனியே இறக்கிக்கொள்ளும் பகுதிகளாக வைக்கப்பட்டன. தமிழுக்குரிய அந்தப் பகுதியில் லதாவும் விஜயாவும் அடங்கும். திரையில் தமிழைக் காட்டுவதற்கு நிர்மலா எழுத்துரு இருந்தபடியால் எழுத்துகள் மறைந்துபோகவில்லை. ஆனால் லதாவில் வரிபிரித்து, பக்கம் அளந்து, கட்டம் போட்டு அமைத்த வினாத்தாளும் அழைப்பிதழும் வேறோர் எழுத்துருவில் திறக்கப்படும்பொழுது வரிகள் தள்ளிப்போய், ஒரு பக்கத்தில் அடங்கியது இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். அமைப்புகளுக்குள் போய், விருப்பத் தெரிவுப் பகுதிகள் என்ற இடத்தைத் தேடி, தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொண்டால் இக்குறை தீரும். தீர்வு எளிது. அந்தத் தீர்வு இருப்பதை ஒரு பாவனையாளர் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

நம்முடைய எழுத்துகள் பரிசோதிக்கப்படுகிற வரிசையில் பின்னால் நிற்கின்றன என்ற ஐயம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதற்கு ஆதாரமாக 2018 பெப்ரவரியில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். ஐபோன்களின் இயங்குதளமாகிய ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில், தெலுங்கு மொழியின் ஒரேயொரு கூட்டெழுத்து திரையில் தோன்றிய மாத்திரத்தில் அதைக் காட்டிய செயலி செயலிழந்து வீழ்ந்தது. அந்த எழுத்து அடங்கிய அறிவித்தல் வந்தால் போனே தடுமாறியது. எட்டுக் கோடிக்கும் அதிகமான மக்களின் தாய்மொழியில் உள்ள ஓர் எழுத்து அது. வழக்கொழிந்த குறியீடு அன்று. அந்த மாதம் 19ஆம் திகதி வெளிவந்த 11.2.6 பதிப்பில் அப்பிள் நிறுவனம் அக்குறையை நீக்கியது. விரைவாகத் திருத்தினார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டலாம்; ஆயினும் ஆங்கிலத்தின் ஓர் எழுத்து அத்தகைய விபரீதத்தை விளைவித்திருந்தால் அந்தப் பதிப்பு வாசலைத் தாண்டி வெளியே வந்திருக்குமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

புதுப்பிப்பினால் நேர்ந்த இடையூறுகளுள் மிகவும் துயரமானது அதே 2018ஆம் ஆண்டின் ஒக்டோபரில் நிகழ்ந்தது. அம்மாதம் 2ஆம் திகதி விண்டோஸ் 10இன் பெரும் புதுப்பிப்பொன்றை மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. நிறுவிக்கொண்டவர்களுள் சிலர், தங்களுடைய ஆவணங்களும் படங்களும் இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்கள். சில நாட்களுக்குள் வெளியீடு நிறுத்தப்பட்டது; காரணம் ஆராயப்பட்டு, நவம்பர் 13ஆம் திகதியே மீண்டும் வெளிவந்தது. அந்தக் காரணத்தை நம்மூர்க்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. முதன்மை வட்டில் இடம் போதாதவர்கள் தங்கள் ஆவணங்களின் இருப்பிடத்தை வேறு வட்டுக்கு மாற்றி வைப்பதுண்டு. அவ்வாறு மாற்றியவர்களிடம் பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு கோப்புறை தங்கிவிடுகிறது என்ற முறைப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு, பழைய கோப்புறையை நீக்கும்படி புதிய பதிப்பில் எழுதினார்கள். அந்தக் கோப்புறைக்குள் பாவனையாளரின் கோப்புகள் இன்னும் கிடக்கக்கூடும் என்பதைச் சோதிக்கும்படி எழுதவில்லை. மாத்தளையில் ஒரு கணினியை வாங்கினால், வட்டை சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்து, ஆவணங்களை டி பக்கம் வைத்துக்கொள்ளும்படி கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார். எச்சரிக்கையோடு நடந்தவர்களையே தண்டித்த பிழை அது.

இதில் நான் அதிகமாக வருந்துவது இன்னொரு விஷயத்துக்காக. வெளியீட்டுக்கு முன்பே, பரிசோதனைப் பதிப்பைத் தாமாக முன்வந்து பாவித்தவர்களுள் சிலர் தங்கள் கோப்புகள் தொலைந்தன என்று நிறுவனத்துக்கு எழுதியிருந்தார்கள். அவர்களுடைய குரல், தோற்றத்தைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் வந்த ஆயிரமாயிரம் அபிப்பிராயங்களுக்கிடையில் அமிழ்ந்துபோயிற்று. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் பாவனையாளர் குறிப்பிடுவதற்கு ஏற்ற வசதியைப் பின்னர்தான் அந்த முறைப்பாட்டுப் பெட்டியில் சேர்த்தார்கள். கோப்பை இழந்ததாக அறிவித்தவர்களின் தொகை மிகச் சொற்பம், ஒரு வீதத்தில் நூறில் ஒரு பங்கே, என்று நிறுவனம் சொன்னது. வீதக் கணக்கில் சொற்பமாகத் தோன்றுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இழப்பு முழுமையானது. ஒரு குடும்பத்தின் கலியாணப் படங்களையோ, ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரையையோ வீதக் கணக்கினால் ஈடுசெய்ய இயலாது.

அச்சு வேலை செய்பவர்களுக்கு 2021 மார்ச் மாதமும் மறக்கக்கூடியதன்று. 9ஆம் திகதி வெளிவந்த மாதாந்தத் திருத்தத்துக்குப் பின், கியோசெரா, ரிக்கோ, சீப்ரா முதலிய சில பிரிண்டர்களுக்கு ஒரு தாளை அனுப்பிய மாத்திரத்தில் கணினி நீலத்திரையைக் காட்டி நின்றுபோயிற்று. 15ஆம் திகதி அதற்கொரு திருத்தம் வந்தது. அச்சுத் தாளில் படங்கள் விடுபடுகிற குறையை நீக்க 18ஆம் திகதி இன்னொன்று வந்தது. ஒரு பெரிய அலுவலகத்தில் இதைக் கவனிக்கத் தொழில்நுட்பவியலாளர் இருப்பார். ஒரேயொரு பிரிண்டரை வைத்துக்கொண்டு, இன்று மாலைக்குள் நூறு தாள் வேண்டுமென்று நிற்கும் பாடசாலை ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரருக்கு, அந்த ஒரு கிழமை வெகு நீளமானது.

சம்மதம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10, 2015 ஜூலை 29இல் வெளிவந்தது. பழைய 7, 8.1 பதிப்புகளைப் பாவித்தோருக்கு ஒரு வருஷ காலம் இலவசமாக அளிக்கப்பட்டது. இலவசமாகக் கொடுத்தது உபகாரம்தான். ஆனால் அந்த வருஷம் முடிவடையும் தறுவாயில், மாறிக்கொள்ளும்படி தூண்டும் சிறு பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடியவர்களையும், நிர்ணயித்த நேரத்தில் மாறுவதற்கு இசைந்தவர்களாகவே அது கொண்டது. ஒரு பெட்டியை மூடுவது வேண்டாமென்பதன் அடையாளம் என்று மைக்ரோசொஃப்ட் நிறுவனமே பல வருஷங்களாக உலகத்துக்குக் கற்பித்திருந்தது. கலிபோர்னியாவில் ஒரு பயண முகவர், தாம் கேளாத புதுப்பிப்பினால் தமது அலுவலகக் கணினி பாழாயிற்று என்று வழக்குத் தொடுத்து 10,000 டொலர் நஷ்டஈடு பெற்றார். நிறுவனம் மேன்முறையீட்டைக் கைவிட்டது. ஏறக்குறைய அதே வேளையில் அந்தப் பெட்டியில் வேண்டாம் என்று சொல்வதற்குத் தெளிவான இடம் ஒன்றும் வைக்கப்பட்டது.

கைபேசி உலகத்திலும் இதே கேள்வி எழுந்தது. பழைய மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தை 2017 ஜனவரியில் வந்த ஒரு புதுப்பிப்பு மட்டுப்படுத்தியதை, அவ்வருஷ டிசம்பரில்தான் அப்பிள் நிறுவனம் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. மின்கலத்தின் தளர்ச்சியால் போன் திடீரென அணைந்துவிடாமற் காக்கவே அப்படிச் செய்தோம் என்ற அவர்களுடைய விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால், புதிய போன் வாங்காமல் ஒரு புதிய மின்கலத்தோடு பலர் திருப்தியடைந்திருப்பார்கள். மின்கலம் மாற்றும் கட்டணம் 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரசபை, பழைய போன்களைத் தளர்வடையச் செய்த புதுப்பிப்புகளுக்காக அப்பிள் நிறுவனத்துக்கு 1 கோடி யூரோவும் சம்சுங் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, அப்படியானால் புதுப்பிப்பையே நிறுத்திவிடுவோம் என்று எவரேனும் தீர்மானித்தால் அது பெருந்தீங்காய் முடியும். 2017 மே 12ஆம் திகதி ‘வன்னாகிறை’ என்ற கொடிய நிரல் உலகெங்கும் பரவி, ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அது நுழைந்த வாசலை அடைக்கும் திருத்தம் மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்திருந்தது. ஆதரவில் இருந்த பதிப்புகளைப் பொறுத்தவரை, ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அதை நிறுவாமல் இருந்தவர்களே அகப்பட்டார்கள். ஆகவே தயாரிப்பாளர்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. மறுபுறம், 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான திருத்தம், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே நாளில் வீழ்த்தி விமான நிலையங்களையும் வங்கிகளையும் முடக்கியது. திருத்தத்தைத் தாமதிப்பதும் ஆபத்து. ஆராயாமல் எல்லோருக்கும் ஒரே கணத்தில் அனுப்புவதும் ஆபத்து. இரண்டையும் உணர்ந்தவர்கள், பாதுகாப்புத் திருத்தத்தையும் தோற்றமும் அமைப்பும் மாறுகிற பெரும் புதுப்பிப்பையும் வேறுபிரித்து நடத்துவார்கள். முன்னதற்கு அவசரம் உண்டு. பின்னதற்கு அத்தகைய அவசரம் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் நிலைமையில் இது இன்னும் பாரமாகிறது. பெரும் புதுப்பிப்பொன்று மூன்று நான்கு ஜிகாபைட் வரையில் இருக்கும். மலைச்சரிவிலுள்ள தோட்டத்து வீடொன்றில், கைபேசிச் சமிக்ஞையை நம்பி ஒரு றவுட்டரை யன்னலோரத்தில் வைத்து இணையத்தைப் பெறுகிற மாணவனுக்கு, அந்த அளவு அவனுடைய மாதப் பங்கில் பெரும்பகுதியாய் அமையலாம். 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்தது. பாதியிலே மின்சாரம் நின்றுபோகிற ஊர்களும் உலகில் உண்டு என்பதை, கணினியை அணைக்காதீர்கள் என்று திரையில் எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். அவ்வருஷத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, கணினி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீடுகளில் இருக்கும் பழைய யந்திரங்களுக்குத்தான் விண்டோஸ் 11 கதவடைத்தது: பாதுகாப்புச் சில்லின் குறித்த பதிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டுமென்று அது நிபந்தனையிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தது. தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் வழி திறக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளைத் தம் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒத்திசைப்போருக்கு அது கட்டணமின்றியும், அல்லாதோருக்கு 30 டொலருக்கும் கிடைக்கிறது. பழைய கணினியை வைத்திருப்போர் இந்த வழியைத் தவறவிடக் கூடாது.

மாத்தளையிலிருந்து எழுதுகிறவன் அலுவிகாரையை நினையாமல் இதை முடிக்க இயலாது. வாய்மொழியாகத் தலைமுறை தலைமுறையாய் ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா அரசனுடைய காலத்தில், பஞ்சமும் யுத்தமும் ஓதுவோரையே அழித்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, இந்தக் குன்றின் குகைகளில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஒரு ஞானச் செல்வத்தை ஒரு தாங்கியிலிருந்து இன்னொரு தாங்கிக்கு மாற்றிய பெருங்காரியம் அது. ஏடு வந்துவிட்டது என்பதற்காக ஓதுவதை அவர்கள் நிறுத்தவில்லை. இன்றைக்கும் பிரித் ஓதப்படுகிறது. பழையது நிலைத்து நிற்கும்போதே புதியது அதன் அருகில் வளர்ந்தது. பின்னர் 1848இல் மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அங்கிருந்த நூல்நிலையம் அழிந்தது. அந்த உரைகள் பிற இடங்களில் பிரதிகளாக இருந்தமையால் உலகத்துக்கு அவை இழப்பாகவில்லை. மாற்றத்தைச் செய்கிறவர் கைக்கொள்ளவேண்டிய நெறியும், மாற்றத்தைப் பெறுகிறவர் கைக்கொள்ளவேண்டிய பாதுகாப்பும் நம்முடைய ஊரிலேயே இருக்கின்றன.

அந்தப் பாதுகாப்பைப் பற்றி, என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் வீட்டில் கணினி வைத்திருப்போருக்கும் சில வார்த்தைகள். உங்கள் கோப்புகளின் பிரதியொன்று கணினிக்கு வெளியே, கழற்றி வைக்கக்கூடிய வட்டிலோ பென் டிரைவிலோ இருக்கட்டும். சி, டி என்று பிரித்திருப்பது பிரதி ஆகாது, இரண்டும் ஒரே வட்டின் பகுதிகள். பாமினி முதலான எழுத்துருக்களின் மூலக் கோப்புகளையும், பிரிண்டருக்குரிய நிறுவல் கோப்பையும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வை-ஃபை இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று அமைப்புகளில் குறித்துவிட்டால், விண்டோஸ் பெரும் கோப்புகளைத் தானாக இறக்குவதைப் பெரும்பாலும் தவிர்க்கும். விழாவோ பரீட்சையோ நெருங்கும் வாரங்களில் புதுப்பிப்பை இடைநிறுத்தி வையுங்கள். வேலை ஓய்ந்த பின் மறவாமல் நிறுவிக்கொள்ளுங்கள். பெரும் புதுப்பிப்பு சரிப்படவில்லையென்றால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி மீட்பு என்ற பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்த வாசல் வழமையாகப் பத்து நாட்களே திறந்திருக்கும். ஆகையால் நிறுவிய அன்றே பிரிண்டரையும், எழுத்துருவையும், பழைய கோப்புகள் சிலவற்றையும் சோதித்துப் பாருங்கள். பழைய பாமினி ஆவணங்களை, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாக யூனிகோட்டுக்கு மாற்றிவருவது எதிர்காலத்துக்குச் செய்யும் நன்மை.

தயாரிப்பாளர்களிடம் நான் வேண்டுவன மூன்று. பெரும் மாற்றம் எப்பொழுது நிகழவேண்டும் என்பதைப் பாவனையாளரே தீர்மானிக்கட்டும். திரும்பிச் செல்லும் வாசல் பத்து நாட்களில் அடைபடாமல் குறைந்தது ஒரு மாதமாவது திறந்திருக்கட்டும். 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது ஒரு மாத அவகாசம் இருக்கத்தான் செய்தது, அடுத்த வருஷமே அது குறைக்கப்பட்டது. என்ன மாறுகிறது, எது அகற்றப்படுகிறது என்பதை, எழுத்துருக்களும் உட்பட, பாவனையாளரின் மொழியில் முன்கூட்டியே சொல்லட்டும். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1987இன் 13ஆம் திருத்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. இங்கே விற்கப்படுகிற ஒரு யந்திரம் தமிழில் எச்சரிக்க வேண்டுமென்று கேட்பது சலுகையன்று.

இவ்வாறு கேட்டு என்ன பயன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பைப் பாவித்தவர்களுக்குத் தொடக்கத்தில் புதுப்பிப்பை நிறுத்திவைக்கும் உரிமையே இருக்கவில்லை. 2018 ஒக்டோபரில் கோப்புகளை இழந்தவர்கள் உரக்க முறையிட்டார்கள். அடுத்த வருஷம் மே மாதப் பதிப்பில், 35 நாட்கள் வரை இடைநிறுத்தும் வசதியும், பெரும் புதுப்பிப்பைத் தாமே அழுத்தி வரவழைத்துக்கொள்ளும் பொத்தானும் வீட்டுப் பாவனையாளருக்கும் வந்து சேர்ந்தன. முறைப்பாடு வீண்போகவில்லை. நம்மிடமிருந்து, நம் எழுத்தைப் பற்றி, நம் ஊரின் நிலைமையைப் பற்றி எழுதப்படும் முறைப்பாடுகள் மட்டும் மிகவும் சொற்பமாக இருக்கின்றன. கடையில் கோபத்தோடு பேசிவிட்டுக் கலைந்துபோகிறோம். இனி அப்படிச் செய்யாதிருப்போம். எந்தத் திகதியில் எந்தப் பதிப்பு வந்தது, எந்த எழுத்துரு மறைந்தது, எந்த மாதிரிப் பிரிண்டர் நின்றது, எந்தக் கோப்பு திறக்கவில்லை என்பதைக் குறித்துவைத்து, கணினியிலேயே உள்ள கருத்துப் பெட்டியின் வழியாக, தமிழிலாயினும் ஆங்கிலத்திலாயினும், பாதிப்பின் கடுமையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவருக்காகவும் ஒன்றை எழுதுங்கள்.